கெலிஓயாவில் ஒரு விபூதிப் புதன்

1

போன வருடம் விபூதிப் புதனன்று என் நெற்றியில் இருந்த விபூதியை நானே துடைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களில் சைவர்கள் அதிகம் என்பதால் ஒரு விளக்கம். கத்தோலிக்கர்களான நாங்களும் விபூதி பூசுவோம், வருடத்தில் ஒரே ஒரு நாள். எங்கள் தவக்காலம் அன்றுதான் தொடங்கும். முந்தைய வருடத்துக் குருத்தோலைகளை எரித்து எடுத்த சாம்பலைக் குருவானவர் நெற்றியில் சிலுவையாக இடுவார். மண்ணில் இருந்து வந்தவன் மண்ணுக்குத்தான் போவாய் என்று ஞாபகப்படுத்துவார். இப்போது சிலர் சாம்பல் புதன் என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் விபூதிப் புதன்தான். அதே போல, தேவாலயத்தையும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். நான் ஆசிரியனாக இருந்தவன். இந்த இரண்டு சொற்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும்.

கனடாவில், ஸ்காபரோவில், நான் இருக்கும் தொடர்மாடிக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அரசாங்க அலுவலகம் இருக்கிறது. காலைப் பூசை முடிந்து நேரே அங்கே போனேன். என் சுகாதார அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இலக்கச் சீட்டு எடுத்து, கதிரையில் உட்கார்ந்து, கூப்பிட்டபோது எழுந்து போய்ப் படம் எடுக்கும் வெள்ளைச் சீலைக்கு முன்னால் நின்றேன். காமெராவுக்குப் பின்னால் நின்ற இளம் பெண், "ஐயா, உங்கள் நெற்றியில் ஏதோ பட்டிருக்கிறது" என்றாள். பிறகு உற்றுப் பார்த்து, "மன்னிக்க வேண்டும். இது உங்கள் சமயத்தோடு சம்பந்தப்பட்டதா? அப்படியென்றால் இருக்கட்டும். படத்தில் விழுந்தாலும் பரவாயில்லை" என்றாள்.

"இல்லை, இல்லை. அது ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த பெட்டியில் ஒரு காகிதக் கைக்குட்டையை உருவி நெற்றியைத் துடைத்தேன். அது போதாது என்று எச்சில் தொட்டும் துடைத்தேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் எனக்கு ஒரு குரல் கேட்டது. "அத அழிச்சிட்டு உள்ள வா." அது என்னுடைய குரல். கண்டியில், கட்டுக்கலையில், எங்கள் வாடகை வீட்டு வாசலில் நின்று என் தங்கை ரீத்தாவிடம் நான் சொன்னது. அன்றைக்கும் விபூதிப் புதன். அம்மாவின் உடல் உள்ளே கிடந்தது.

இத்தனை வருடமாக அந்தக் குரல் எனக்குக் கேட்டதேயில்லை. என் குற்றம் எது என்று கேட்டால், அப்படிச் சொன்னதைவிட இதைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

2

அம்மா இறந்தது பற்றி என்னிடம் வேறொரு கதை இருந்தது. அதை நான் மறக்கவேயில்லை. கனடாவுக்கு வந்த நாளில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இங்கே எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், தமிழ் ஆட்கள் சேர்ந்து ஒரு செபக் கூட்டம் வைத்திருக்கிறோம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சிலுவைப்பாதை சொல்வோம். அதற்குப் பிறகு கஞ்சியும் சம்பலும். கஞ்சி குடிக்கும்போது ஒவ்வொருவரும் ஊர்ச் சங்கதி ஏதாவது சொல்வார்கள். என் முறை வந்தால் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "மாஸ்ரர், அம்மாவின்ர விபூதியைச் சொல்லுங்கோ."

நான் சொல்வேன். அம்மா விபூதிப் புதனுக்கு முதல் நாள் மாலை கண்ணை மூடினாள். சுகமில்லாத நாட்களிலும் அந்தப் புதன்கிழமைப் பூசையை அவள் தவறவிட்டதில்லை. "இந்த வருசம் தவறிப்போச்சே" என்று எல்லோரும் வருத்தப்பட்டோம். மறுநாள் பெட்டியை மூடுமுன் கடைசி முத்தம் கொடுக்கக் குனிந்தேன். அம்மாவின் நெற்றியில் விபூதி! பிற்பகல் செபம் சொல்ல வந்த வயதான பங்குத் தந்தை யாரிடமும் சொல்லாமல் பூசிவிட்டுப் போயிருக்கிறார். செத்தவர்களுக்கு விபூதி இடும் வழக்கம் இல்லை. ஆனாலும் அந்த மனிதருக்கு அம்மாவைத் தெரியும். முத்தமிட்டபோது என் உதட்டில் கொஞ்சம் ஒட்டியது. நான் துடைக்கவில்லை.

இந்த இடத்தில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் அதோடு விடமாட்டேன். "வெள்ளை வெளேரென்று இருந்தது" என்பேன். "கோயிலில் எங்களுக்குப் பூசியது கறுப்புச் சாம்பல். அம்மாவுக்கு மட்டும் வெள்ளை." நான் இரசாயனவியல் ஆசிரியன். ஓலை அரைகுறையாக எரிந்தால் கரி தங்கிச் சாம்பல் கறுக்கும், முற்றாக எரிந்தால் வெளுக்கும் என்று விளக்கமும் கொடுப்பேன். "முற்றாக எரிந்த சாம்பல் அம்மாவுக்குக் கிடைத்தது. அவள் மனசும் அப்படித்தான்" என்று முடிப்பேன்.

நன்றாகச் சொல்வேன். வருடா வருடம் சொல்லிச் சொல்லி எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது கூடப் பழகிவிட்டது. அந்தக் கதையில் ரீத்தா இருந்ததில்லை.

3

ரீத்தா எனக்கு இளையவள். கண்டி நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருந்த சிவலிங்கம் என்பவரை விரும்பி, கோயிலில், அதாவது அவர்களுடைய கோயிலில், தாலி கட்டிக்கொண்டாள். அப்பா அப்போதே இல்லை. மூத்தவன் நான். பங்குச் சபையின் செயலாளரும் நான். கலியாணத்துக்கு நான் போகவில்லை, அம்மாவையும் போக விடவில்லை. கண்டியில் இருந்து கெலிஓயா பஸ்ஸில் அரை மணித்தியாலம் கூட இல்லை. அதை ஒரு கடலைப் போல ஆக்கிவைத்தேன்.

அம்மா இறந்த மறுநாள் காலை, பிரேதத்தை வீட்டில் வைத்துவிட்டு நான் பூசைக்குப் போனேன். போயிருக்கத் தேவையில்லை. சாவு வீட்டுக்காரன் வராவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அப்படிப்பட்ட நாளிலும் வந்தான் என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள் அல்லவா? நெற்றியில் சிலுவையோடு திரும்பி வந்து வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

ரீத்தா புருஷனோடு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. புருவத்துக்கு மேலே விபூதிக் கீற்று. வாசலில் இருந்த பங்குச் சபைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் செய்தது முழுவதையும் அந்தப் பார்வையின் மேல் போட முடியாது. எனக்கே உள்ளே ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது. அவள் எதிரில் நான் சரியானவனாக நிற்க ஒரு சந்தர்ப்பம்.

"அத அழிச்சிட்டு உள்ள வா" என்றேன்.

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். அவ்வளவுதான் நான் பார்த்தது. அடுத்தவரை வரவேற்கத் திரும்பிவிட்டேன். சிவலிங்கம் உள்ளே வரவில்லை, தெருவிலேயே நின்றார். பெட்டியைத் தூக்குமுன் இருவரும் போய்விட்டார்கள்.

என் மனைவி ஜெசிந்தா அன்று இரவே கேட்டாள். அவள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். "நீங்கள் செய்தது சரியெண்டு நினைக்கிறியளோ?" என்றாள். "இது எங்க குடும்ப விசயம்" என்றேன். அதற்கு அடுத்த வருடம் கனடாவுக்கு வந்துவிட்டோம்.

4

இங்கே என் வாழ்க்கை சாதாரணமானது. காலையில் நடை, பத்து மணிக்குத் தேநீர், பிற்பகலில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவருவது. பேத்தி பெயர் அனிக்கா. என் மகள் கோயிலுக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். பிள்ளைக்குத் தமிழாவது தெரியட்டும் என்று, கோயில் மண்டபத்தில் நடக்கும் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு மட்டும் அவளை அனுப்புகிறாள். மகளோடு இதுபற்றி நான் பேசிப் பார்த்தேன். "அப்பா, நீங்க கோயிலுக்குப் போய் நல்லாயிருக்கிறீங்க. நான் போகாம நல்லாயிருக்கிறேன்" என்றாள்.

இந்த வருடம் தவக்காலத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அனிக்கா கேட்டாள்: "தாத்தா, இந்தத் தவக்காலத்தில நீங்க என்ன வெறுத்தல் செய்யப் போறீங்க?"

வகுப்பில் ஒறுத்தல் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிடித்த ஒன்றைத் தவக்காலம் முழுவதும் விட்டுவிடுவதற்கு அதுதான் சொல். நான் சிறு வயதில் இருந்து சீனியை விடுவேன். வெறும் தேநீர் குடிப்பேன். யாராவது சீனி போட்டுக் கொடுத்தால், "தவக்காலம், பாருங்க" என்று கையைக் காட்டுவேன். இதில் நான் தோற்றதேயில்லை.

"வெறுத்தல் இல்ல கண்ணு, ஒறுத்தல்" என்றேன். "வெறுத்தல் என்றால் ஒருத்தரைப் பிடிக்காமல் தள்ளிவைக்கிறது."

"ரெண்டும் ஒண்டுதானே தாத்தா? சீனியைத் தள்ளித்தானே வைக்கிறீங்க?"

ஜெசிந்தா அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தாள். "பிள்ளை சரியாத்தான் கேக்குது. அவருக்கு ரெண்டும் நல்லா வரும்."

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, கண்டிக்குப் போய் ரீத்தாவைப் பார்க்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அலுவலகத்தில் விபூதியைத் துடைத்ததையும் அப்போதுதான் சொன்னேன். ஒரு வருடம் மறைத்து வைத்திருந்தேன். அவள் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்டைக்கே நான் கேட்டனான். என்ர வாயை மூடினியள். இப்ப ஆருக்காகப் போறியள்? அவவுக்காகவோ, உங்களுக்காகவோ?"

"தெரியல" என்றேன்.

"அப்ப போங்கோ. தெரிஞ்சுதெண்டால் அதிலயும் ஒரு பெருமை வந்திடும்."

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க இப்போது எனக்கு விசா வேண்டும். பிறந்த நாட்டுக்கு வருவதற்கான காரணத்தைக் கணினியில் தெரிவு செய்ய வேண்டும். 'உறவினரைப் பார்த்தல்' என்று அழுத்தினால் உறவினரின் விலாசம் கேட்டது. கெலிஓயா என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. திரும்பிப் போய் 'சுற்றுலா' என்று அழுத்தினேன். ஏற்றுக்கொண்டது.

5

விபூதிப் புதன் காலை, கண்டியில், நான் ஞானஸ்நானம் பெற்ற கோயிலில் இருந்தேன். பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. தமிழ்ப் பூசை வைத்த குருவானவருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும், பதுளைப் பக்கத்து ஆள் போலப் பேசினார். பிரசங்கம் சின்னது.

"சீனிய விட்டேன், எறச்சிய விட்டேன்னு ஆண்டவர்கிட்ட போய் நிக்காதீங்க. அவரு என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்காரு? உங்க இருதயத்தக் கொண்டுவாங்க. கழுவித் தொடச்சு, நல்லதாக்கி, அப்புறம் கொண்டுவாறேன்னு சொல்லாதீங்க. அது நடக்காது. எப்பிடி இருக்கோ அப்பிடியே கொண்டுவாங்க."

சீனி என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பலசரக்குக் கடை என்றபோது போய்விட்டது.

நெற்றியில் சிலுவையோடு கம்பளை பஸ்ஸில் ஏறினேன். நடத்துனர், "கொஹெட்டத சீயா?" என்று கேட்டான், எங்கே போகிறீர்கள் தாத்தா என்று. என் சிங்களம் துருப்பிடித்திருந்தது. கெலிஓயா என்று சொல்லி, அதோடு ஓர் ஆங்கில "ப்ளீஸ்" சேர்த்தேன். பஸ்ஸில் யாரும் ப்ளீஸ் சொல்வதில்லை. அவன் பின்னால் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

பேராதனைப் பாலம் தாண்டும்போது கை தானாக நெற்றிக்குப் போனது. இதோடு அவள் முன்னால் போய் நிற்பதா? அன்றைக்கும் இப்படித்தான் நின்றேன். அவளைக் குத்திக் காட்டுவது போல இருக்காதா? துடைத்துவிட்டுப் போனால் அது மரியாதையா, இல்லை மறுபடி "அது ஒன்றுமில்லை" தானா? எதுவென்று தெரியவில்லை. கையைக் கீழே போட்டேன். எப்பிடி இருக்கோ அப்பிடியே என்று அந்தப் பையன் சாமியார் சொன்னது ஒரு சாக்காக உதவியது.

கெலிஓயாவில் இறங்கி, ஒரு புடைவைக் கடையில் தொப்பி போட்ட ஒருவரிடம் சிவலிங்கம் கடை எது என்று கேட்டேன்.

"சிவலிங்கம் மொதலாளியா? அவர் மவுத்தாகி நாலஞ்சு வருசமாச்சே" என்றார், இறந்துபோய்விட்டார் என்று. "மகன்தான் கடையப் பாக்குறான். ஊடு மேல. நீங்க?"

"அவர் சம்சாரத்தோட அண்ணன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கீதாக்காவுக்கு அண்ணன் ஒருத்தர் இருக்காரா?" என்றார். ரீத்தாவுக்கு இங்கே கீதா என்று பெயர் போல. அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. கடையைக் கைகாட்டிவிட்டார்.

6

கடைக்குப் பக்கத்துப் படியேறிக் கதவைத் தட்டினேன். கையில் மாவோடு ஓர் இளம் பெண் திறந்தாள். மருமகளாக இருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் "ரீத்தா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ரீத்தான்னு யாரும் இல்லீங்களே... ஓ, கீதா அத்தையா?" அவள் கண், பஸ் வேர்வையில் சிலுவை கலைந்து வெறும் சாம்பல் பூச்சாக இருந்த என் நெற்றிக்குப் போனது. முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க. கோயிலுக்குப் போய்ட்டு வாறீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். பொய் இல்லை.

"சிவராத்திரிக்கு வந்திருப்பீங்க போல. வெளியூரா?"

அவள் என்னை யாரென்று நினைத்தாள் என்பது புரிந்தது. திருத்தியிருக்கலாம். அந்த வரவேற்பு நன்றாக இருந்ததால் திருத்தவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அத்தே! யாரோ பெரியவர் வந்திருக்காரு. கோயில்லேந்து வாறாராம்."

ரீத்தா உள் அறையில் இருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முழங்கால் வலி போல. தலை முழுவதும் நரைத்திருந்தது. நெற்றியில் அதே இடத்தில் அதே கீற்று. என்னைப் பார்த்து நின்றாள். அப்படியே அம்மாவின் முகம்.

"கோயில்லேந்துதான் வாறாரு" என்று மருமகளிடம் சொன்னாள். "ஆனா நம்ம கோயில் இல்ல." பிறகு என்னிடம், "இன்னைக்கு விபூதிப் புதனா அண்ணே?" என்றாள்.

"ஆமா."

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். எப்படிக் கேட்பது என்று விமானத்தில் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை. மருமகள் அங்கேயே நின்றாள். நிற்கட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கும் நான் பலர் முன்னால்தான் சொன்னேன்.

"ரீத்தா, அம்மாவ அடக்கம் பண்ணின அன்னைக்கு வாசல்ல வச்சு உன்ன விபூதிய அழிக்கச் சொன்னேன். அது பெரிய தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் எதிரில் இருந்த கதிரையில் மெதுவாக உட்கார்ந்தாள். "இத்தன வருசம் ஏன் வரல?" என்றாள்.

"வெக்கமா இருந்துச்சு."

சொன்னவுடனேயே அது பொய் என்று தெரிந்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கும் பொய். ஒரு மனிதன் குற்ற உணர்வால் இத்தனை வருடம் வாடினான் என்றால் கேட்பவர்கள் இரங்குவார்கள். நான் வாடவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், கதை சொன்னேன். இதையும் கழுவித் துடைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று தோன்றியது.

"இல்ல. வெக்கம் இல்ல" என்றேன். "மறந்துட்டேன். போன வருசம்தான் ஞாபகம் வந்துச்சு. அதுவரைக்கும் நெனச்சதே இல்ல."

ரீத்தாவின் முகத்தில் அப்போதுதான் அடி விழுந்ததைப் பார்த்தேன். நான் வாசலில் சொன்னது இதற்குக் கிட்ட வராது. அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்விட்டாள். மருமகள் என்னைப் பார்க்காமல் அவள் பின்னால் போனாள். கீழே கடையில் யாரோ பருப்பு விலை கேட்பது கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் மறுபடி வரமாட்டேன் என்று தெரிந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

வெகு நேரம் கழித்து ரீத்தாவே தேநீர் கொண்டுவந்தாள். மருமகள் பின்னால் கையை நீட்டிக்கொண்டு வந்தாள், அவள் கொடுக்கவில்லை.

"சீனி போட்டிருக்கேன்" என்றாள். "இன்னையிலேந்து நீங்க போடமாட்டீங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். குடிக்கிறதுன்னா குடிங்க."

குடித்தேன். கரண்டிக் கணக்கில் கொட்டியிருந்தாள். அவள் நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வந்து உண்மையச் சொன்னீங்க. நானும் ஒன்னு சொல்றேன்" என்றாள். "நான் எங்க அழிச்சேன்?"

எனக்குப் புரியவில்லை.

"அழிக்கலண்ணே. முந்தானைய எடுத்து முக்காடு போட்டுக்கிட்டேன், உங்க கோயில் பொம்பளைங்க மாதிரி. நெத்திய மூடிட்டேன். நீங்க யாரோ பெரிய மனுசர் வாறாருன்னு அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க. என் மாமியார் பூசிவிட்டது அது. 'அழுதுக்கிட்டுப் போற, தொணைக்கு இருக்கட்டும்'னு. அத எப்பிடி அழிக்கிறது? உள்ள போயி, முக்காட எடுத்துட்டு, அம்மா நெத்தியோட நெத்திய வச்சு அழுதேன். அம்மா நெத்தியில நல்லா ஒட்டிக்கிச்சு. தொடைக்கலாமான்னு பாத்தேன். தொடைக்கல. இருக்கட்டும்னு வந்துட்டேன்."

என் கையில் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"வெள்ளையா" என்றேன்.

"என்ன வெள்ளையா?"

"அம்மா நெத்தியில. நான் முத்தம் குடுக்கிறப்ப பாத்தேன். ஃபாதர் பூசிவிட்டதுன்னு நெனச்சேன்."

"விபூதி வெள்ளையாத்தானே இருக்கும்?"

செபக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வருடா வருடம் நான் சொல்லும் கதையை, பங்குத் தந்தையை, முற்றாக எரிந்த குருத்தோலையை, இரசாயன விளக்கத்தை, ஒன்றும் விடாமல் சொன்னேன். ரீத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கனடா பூரா சொல்லிட்டீங்களா? எங்க மாமியார் பூசின விபூதிய?" இருமல் வரும் வரை சிரித்தாள். மருமகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள். "ஐயோ, அவரு இருந்திருக்கணும். இதக் கேட்டிருந்தா அன்னைக்குத் தெருவுல நின்னதுக்குப் பதிலா இருந்திருக்கும்."

அதைச் சொல்லும்போது சிரிப்பு நின்றது. சிவலிங்கத்தின் படம் சுவரில் இருந்தது, மாலையோடு. நான் அதைப் பார்த்தேன். அவரிடம் கேட்க இனி வழியில்லை.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவேயில்லை. புறப்படும்போது மருமகளின் இலக்கத்தை என் தொலைபேசியில் பதியவைத்தாள். "ஞாயித்துக்கெழமையில கோல் எடுங்க. நீங்கதான் எடுக்கணும். நான் எடுக்கமாட்டேன்" என்றாள்.

7

இந்த வருடமும் ஒரு வெள்ளிக்கிழமை, கஞ்சி குடிக்கும்போது, "மாஸ்ரர், அம்மாவின்ர விபூதி" என்றார்கள். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். தொண்டை கட்டியிருக்கிறது என்றால் வேறு யாராவது வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள். எனக்கென்று இருந்த ஒரே நல்ல கதை அது. அதைச் சொல்லும்போதுதான் இந்த ஊரில் நான் யாரோ ஒருவனாக இருந்தேன். சீனியை விடுவது அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. இருதயத்தைக் கொடுப்பது என்று பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு, அது ஏதோ பூவைப் போல எடுத்து நீட்டுவது என்று நினைத்திருந்தேன். எனக்கு அது இந்தக் கதையாக இருந்தது.

வாசலில் நான் சொன்னதில் இருந்து தொடங்கி, கெலிஓயாவில் ரீத்தா சிரித்தது வரை சொன்னேன். இம்முறை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. ஒருவர் எழுந்து போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் ஒரு வயதான அம்மா, ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி விரதமும் செபமாலையும் தவறாதவர், மிகவும் கவலையாகக் கேட்டார்: "அப்ப மாஸ்ரர், அந்த விபூதி செல்லுமோ, செல்லாதோ?"

"தெரியாதம்மா" என்றேன். "கேட்டுச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தேன். அங்கே மாலையாகிவிட்டது. ரீத்தா முழங்கால் எண்ணெயைப் பற்றியும், மழை பிடித்துக் கடைக்குள் தண்ணீர் வந்ததைப் பற்றியும் பேசினாள். பிறகு நான் கேள்வியைச் சொன்னேன். ஒரு கத்தோலிக்க அம்மா கேட்கிறார், செத்துப்போன கத்தோலிக்கப் பெண்ணின் நெற்றியில் சைவக்காரி வைத்த விபூதி செல்லுமா என்று.

அவள் யோசிக்கவேயில்லை.

"அம்மா அழிக்கச் சொல்லலியேண்ணே" என்றாள்.